மறுநாளுக்கு மிச்சம் வைக்காத பலி

போன மாதம் உங்களில் மூன்று பேர் சரவணையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தீர்கள். மறைக்கல்விக் குறிப்புப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து, "ரீச்சர், இந்த ஆடு மாடு பலி குடுக்கிற பாடத்தை என்னண்டு படிப்பிக்கிறது? பிள்ளையள் சிரிக்கினம், பெரியாக்கள் நித்திரை கொள்ளினம்" என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன், பனங்காய்ப் பணியாரம் தந்தேன், வேறு கதைகள் எல்லாம் கதைத்தேன். பதில் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு கிடாயில் தொடங்குகிறது. வாயால் சொல்லத் தொடங்கியிருந்தால் நீங்கள் கடைசி பஸ்ஸைத் தவற விட்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் இந்தத் தீவுகளில் மறைக்கல்வி கற்பித்தேன். அதில் முதல் பதினெட்டு வருடமும் பலிகள் வரும் பக்கங்களை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துப் புரட்டிவிட்டுப் போனவள் நான். செங்கடல் பிளந்ததைச் சொல்வேன், பத்துக் கட்டளைகளைப் பாடமாக்க வைப்பேன், பிறகு நேரே தாவீதிடம் போய்விடுவேன். இடையில் கிடக்கும் இரத்தத்தையும் கொழுப்பையும் புகையையும் யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

கேட்டவர் றோசம்மா அக்கா.

அப்போது என்னை நெடுந்தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெரியவர்களுக்கு வேத வகுப்பு எடுப்பேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். றோசம்மா அக்காவுக்கு எப்போதும் முன் கதிரை. அவருடைய கணவர் சவிரிமுத்து அண்ணை பின்சுவரோடு சாய்ந்து நிற்பார். அவர் கடலுக்குப் போகிறவர், வீட்டில் கொஞ்சம் ஆடும் வளர்த்தார். கதைப்பது குறைவு. வகுப்பில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் வழக்கம்போலப் பக்கங்களைப் புரட்டினேன்.

"ரீச்சர், நடுவில கொஞ்சம் விடுபட்டுப் போச்சு" என்றார் றோசம்மா அக்கா.

"அது அந்தக் காலத்துச் சட்டம் அக்கா. எங்களுக்குத் தேவைப்படாது."

"தேவைப்படாததை ஏன் இத்தினை பக்கத்துக்கு எழுதி வச்சவை?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வாற கிழமை அதைத்தான் படிக்கப் போகிறோம் என்று சொல்லித் தப்பினேன்.

அந்தக் கிழமை முழுக்க இருந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை கரும்பலகையில் பெரிதாக ஓர் ஆடு கீறினேன். அது நாய் மாதிரி இருக்கிறது என்று சொன்னார்கள். பரவாயில்லை என்று தொடங்கினேன். பலிக்கு வரும் ஆட்டில் பழுது இருக்கக் கூடாது. நொண்டியும் குருடும் சொறி பிடித்ததும் ஆகாது. கொண்டு வருகிறவன் அதன் தலையில் கை வைக்க வேண்டும், எனக்குப் பதிலாக இது நிற்கிறது என்று சொல்வது போல. எரிபலி என்றால் ஒரு துண்டும் திரும்பி வராது, முழுவதும் பீடத்தில் எரிந்துபோகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"எங்கட பெருநாள் ஏலத்துக்கு வாற சேவலுகளை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. நடக்க ஏலாதது எல்லாம் கோவிலுக்கு வருது. அந்தச் சனம் இருக்கிறதில திறமானதைக் குடுத்தது."

சிலர் சிரித்தார்கள், சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். நேரம் போய்விட்டது. மற்றப் பலிகளைப் பற்றியும், யேசு ஆண்டவரின் பலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதையும் வாற கிழமை பார்ப்போம் என்று சொல்லிப் பலகையை அழித்தேன். நல்லாய்ப் படிப்பித்தேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

ஒரு பாடத்தைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தால், எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கு அது வெறும் இடைவேளை. கேட்ட சனம் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஏழு நாள் சீவிக்கப் போகிறது.

வியாழக்கிழமை காலை கந்தையா அண்ணை பால் கொண்டுவந்தார். அவர் சைவ சமயக்காரர், மாடு வளர்க்கிறவர், எனக்கு அயல். பால் போத்தலைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ரீச்சர், எங்கட கோவிலுகளில ஆடு வெட்டுற வேள்வியளை எல்லாம் நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். இப்ப நீங்கள் தொடங்கிறியள் போல கிடக்கு."

"என்ன கதைக்கிறியள் அண்ணை?"

"உங்கட கோவில் முத்தத்தில போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். கோவில் வாசலுக்கு முன்னால் சவிரிமுத்து அண்ணை நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுக்கும் வேட்டி, வெள்ளைச் சேட்டு. பக்கத்தில் ஒரு கிடாய். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. குளிப்பாட்டிக் குளம்புக்குத் தேங்காயெண்ணெய் பூசி, கழுத்தில் நித்தியகல்யாணி மாலை போட்டிருந்தார். தீவில் கட்டில்லாமல் திரியும் மட்டக்குதிரைகளில் ஒன்று உள்ளே வந்து அந்த மாலையைத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி விறகு, பன்னாடை, பொச்சுமட்டை எல்லாம் அழகாக அடுக்கிக் கிடந்தன. கல்மதிலில் இருபது பேரளவில் ஏறி இருந்தார்கள்.

"ரீச்சர், நல்லாப் பாருங்கோ" என்றார் அவர். "பழுதில்லை. பல்லையும் பாருங்கோ."

கிடாயின் வாயைத் திறந்து காட்டினார். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் குனிந்து பார்த்தேன். நல்ல பல்லுத்தான்.

"என்னத்துக்கு அண்ணை இது?"

"எரிபலிக்கு. முழுக்க எரிக்கவேணும் எண்டு சொன்னனீங்கள். இந்த விறகு காணுமோ தெரியேல்லை."

மதிலில் இருந்தவர்களில் ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார். பொழுது ஏறுவதற்குள் அந்தப் படம் கனடாவுக்கும் பாரிசுக்கும் போய்விடும். சைவச் சனம் தங்கள் கோவில்களில் விட்டுவிட்ட ஒன்றை எங்கள் கோவில் முற்றத்தில் செய்தால், நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றும் யோசித்தேன். ஆனால் என் நெஞ்சை அதிகம் இடித்தது வேறு. ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர் முதல் முதலாக என் பாடத்தைக் கேட்டு ஏதோ செய்ய வந்திருக்கிறார். இத்தனை பேருக்கு முன்னால் "இதென்ன பைத்தியக்கார வேலை" என்ற மாதிரி ஒரு சொல் என் வாயில் வந்தால், அவர் கிடாயைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவார். பிறகு கோவில் பக்கம் வருவாரோ தெரியாது.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, சுவாமியிட்ட ஒரு சொல் கேட்டிட்டு வாறன்" என்றேன்.

பங்குச் சுவாமி ஒரு கூட்டத்துக்காக ஊர்காவற்றுறைக்குப் போனவர், அங்கேயே மாட்டுப்பட்டு நின்றார். சோழகக் காற்று மூன்று நாளாய் அடித்து, வள்ளம் ஒன்றும் ஓடவில்லை. தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதில் இருந்து தூரப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரித்து முடித்துக் கேட்டார்:

"நீர் படிப்பிச்சதில பிழை ஏதும் இருக்கோ?"

"இல்லைச் சுவாமி. பாதியில விட்டிட்டன்."

"அப்ப மிச்சத்தைப் போய்ச் சொல்லும். சனிக்கிழமை வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்காதையும். ஆனால் சொல்ல முதல், அவர் என்னத்துக்குக் கொண்டந்தவர் எண்டு கேட்டனீரோ?"

"எரிபலிக்கு எண்டு சொல்லிறார்."

"அது நீர் சொல்லிக் குடுத்த சொல்லு. அவற்ற காரணம் என்ன? அந்தக் காலத்துக் குருவும் அதைத்தான் முதல் அறியவேணும். நன்றிக்கோ, பாவத்துக்கோ, ஆரோடயும் ஒப்புரவாகவோ எண்டு தெரியாமல் கத்தியில கை வைக்க ஏலாது." கொஞ்சம் நிறுத்தி, "கிடாய்க்கும் தண்ணி வையும், பாவம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பலிகளைப் பற்றி நான் படித்த எல்லாப் புத்தகத்தையும் விட அந்த ஒரு நிமிடம் எனக்கு அதிகம் தந்தது. ஒருவர் ஏதாவது காணிக்கையோடு உங்களிடம் வந்தால், அது மெழுகுதிரியாக இருந்தாலும் சரி, பொருளைப் பார்க்க முதல் ஆளைக் கேளுங்கள்.

திரும்பி வந்து மதிலைப் பார்த்துச் சொன்னேன்: "இப்ப இஞ்ச பலி இல்லை, வகுப்புத்தான். இருக்கிறவை இருக்கலாம். போன கிழமைப் பாடத்தில கேள்வி கேப்பன்." இரண்டு நிமிடத்தில் மதில் வெறுமையாகிவிட்டது. படம் பிடித்தவர்தான் முதலில் குதித்தவர்.

கிடாய்க்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தோம். பூவரச மரத்துக்குக் கீழே இரண்டு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

"அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது? ஏன் குடுக்கவேணும் எண்டு நினைச்சனீங்கள்?"

அவர் கிடாயின் காதைத் தடவத் தொடங்கினார். தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார். போன மார்கழியில் றோசம்மா அக்காவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. குடல்வால் வெடித்துவிட்டது, உடனே யாழ்ப்பாணம் கொண்டு போக வேண்டும் என்று இங்கே வைத்தியசாலையில் சொன்னார்கள். வாடைக்காற்று, கடல் மலை மாதிரி எழும்பியது. மீன்பிடி வள்ளத்தில் பாயைப் போட்டு அவவைக் கிடத்திக் கொண்டு போனார்கள்.

"நான் முன்னுக்கு அணியத்தில அவவின்ர தலையை மடியில வச்சுக்கொண்டு இருந்தனான். அலை அடிக்கேக்கை அவவுக்கு மேல குனிஞ்சுகொள்ளுவன். அப்பதான் சொன்னனான், இவவைத் தந்தால் என்னட்ட இருக்கிறதில திறமானதைத் தருவன் எண்டு. ஆறு மாதமாப் போச்சு. எது திறமானது, என்னண்டு குடுக்கிறது எண்டு தெரியேல்லை. நீங்கள் அண்டைக்குச் சொல்லேக்கை, என்னைப் பாத்துத்தான் சொல்லிறியள் எண்டு நினைச்சனான்."

நான் சேவல் பகிடி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனிதர் தன் மனைவியின் உயிரைப் பற்றி யோசித்திருக்கிறார்.

"ஆர் அண்ணை வள்ளம் ஓட்டினது?" என்று சும்மாதான் கேட்டேன்.

அவர் கிடாயின் காதை விட்டுவிட்டார். "சூசை."

சூசை அவருடைய தம்பி. இரண்டு பேரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை என்பது தீவு முழுக்கத் தெரிந்த விசயம். தன் மூத்த மகளின் கலியாணத்துக்கு அண்ணன் நேரில் போய்ச் சொல்லாமல், அழைப்பிதழை வேறு ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். நேரில் வரவில்லை என்று தம்பி கலியாணத்துக்குப் போகவில்லை. கலியாணத்துக்கு வரவில்லை என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் சண்டை.

"ஒரே வள்ளத்தில போயும் கதைக்கேல்லையோ?"

"அவன் எஞ்சினடியில, நான் அணியத்தில. கரையில இறக்கினவன், திரும்பிப் போயிட்டான். அவன் ஒண்டும் கேக்கேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை."

தம்பியைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல என் வாய் துடித்தது. சொல்லியிருந்தால் அது என் அறிவுரையாகப் போயிருக்கும், அவரும் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். எனக்குச் சொல்லப்பட்டது மிச்சப் பாடத்தைப் படிப்பி என்பதுதான். அதையே செய்தேன்.

"அண்ணை, நீங்கள் கொண்டந்தது எரிபலி இல்லை. நான் சொல்லாமல் விட்ட இன்னொண்டு இருக்கு. நல்லுறவுப் பலி. ஆபத்தில இருந்து தப்பினவை கொண்டு வாறது. அதில கொழுப்பு மட்டும் கடவுளுக்கு. ஒரு பங்கு குருவுக்கு. மிச்சம் முழுக்கக் கொண்டந்தவர் சாப்பிடவேணும்."

"நானோ?"

"நீங்களும், நீங்கள் கூப்பிடுற ஆக்களும். நேர்த்திக்குக் குடுத்தது எண்டால் அண்டைக்கும் அடுத்த நாளும் சாப்பிடலாம். நன்றிக்குக் குடுத்தது எண்டால் அண்டைக்கே முடிக்கவேணும். விடியுமட்டும் ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது."

அவர் கிடாயை மேலும் கீழும் பார்த்தார். கடலுக்குப் போகிற மனிதருக்கு நிறை கண்ணாலேயே தெரியும். "இது ஒரு வீட்டாலயோ பத்து வீட்டாலயோ சாப்பிட்டு முடிக்க ஏலாதே ரீச்சர்."

"ஓம். அதுக்காகத்தான் அப்பிடி ஒரு சட்டம் வச்சிருக்க வேணும். தனிய நன்றி சொல்ல ஏலாது."

அவர் யோசித்தார். "அப்ப இஞ்ச பீடத்தில ஒண்டும் வைக்கிறேல்லையோ?"

"இஞ்ச பீடத்தில ஒரே ஒரு பலிதான் அண்ணை. அது யேசு ஆண்டவர். அவர் தன்னைக் குடுத்த பிறகு வேற இரத்தம் தேவையில்லாமல் போச்சு. ஆனால் சாப்பாடு நிண்டு போகேல்லை. அந்தப் பலியையும் நாங்கள் மேசையில இருந்து சாப்பிடத்தானே போறம். அங்கயும் தனிய ஒராள் சாப்பிடுறேல்லை."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கோவில் வாசலில் றோசம்மா அக்கா வந்து நின்றார். செய்தி அவருக்கு எட்டிவிட்டது.

"நான் உயிரோட தானே இருக்கிறன்" என்றார் கணவரிடம். "எனக்காக நேர்ந்ததை என்னட்ட ஒரு சொல் கேட்டிட்டுக் கொண்டந்திருக்கலாம்."

சவிரிமுத்து அண்ணை எழும்பி நின்றார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். நேர்த்தி என்றால் இரண்டு நாள், நன்றி என்றால் ஒரு நாள் என்றதும் அக்கா இடையில் வெட்டினார்.

"நன்றி எண்டே வையுங்கோ. ரெண்டு நாள் நிண்டு சமைக்க என்னால ஏலாது. நாளைக்கு வெள்ளி, இறைச்சி இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வைப்பம். ஆரைக் கூப்பிடுறது?"

அண்ணை விரல் மடித்தார். வடக்குப் பக்கத்து வீடுகள், கடலுக்குக் கூட வருகிற ஆட்கள், கந்தையா அண்ணை குடும்பம், வகுப்புக்கு வருகிற எல்லாரும். அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் சொன்னார்:

"வள்ளக்காரனை விட்டுப்போட்டு ஊரைக் கூப்பிடப் போறியள், என்ன?"

பூவரசின் கீழே கிடாய் வாளியை உருட்டியது.

அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"நானும் வரட்டோ அண்ணை?" என்றேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

"வேண்டாம் ரீச்சர். நீங்கள் வந்தால் உங்கட முகத்துக்காக அவன் ஓம் எண்டு சொல்லுவான். எனக்கு அது காணாது."

அந்த வாயில்லாத மனிதர் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த வேலையில் நாங்கள் கூடப் போகக் கூடாத பயணங்கள் இருக்கின்றன. கூடப் போனால் அங்கே எங்கள் மரியாதைதான் வேலை செய்யும், அவர்களுடைய மனம் வேலை செய்யாது.

போனவர் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தார். முகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டார் அக்கா.

"படலையில நிண்டு, சூசை, சனிக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டை சாப்பாடு, நேர சொல்ல வந்தனான் எண்டன். அவன் வலை பொத்திக்கொண்டு இருந்தவன், நிமிர்ந்து பாக்கேல்லை. என்ன சாப்பாடு எண்டான். கிடாய் எண்டன். ஆர் வெட்டிறது எண்டான். நான்தான் எண்டன். நீங்கள் வெட்டினால் எலும்புதான் மிஞ்சும், விடிய நான் வாறன் எண்டு சொன்னான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அப்படியே அழுதார்.

சனிக்கிழமை வகுப்பு அவர்களுடைய முற்றத்தில் நடந்தது. உங்களிடம் சொல்ல வேண்டியதில் பாரமான பகுதி இதுதான். விடியவே நானும் போயிருந்தேன். கிடாயின் பெயர் ராசா என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குட்டியில் தாய் செத்து, போத்தல் பால் கொடுத்து அண்ணை வளர்த்தது. சூசை கத்தியோடு நின்றார். அண்ணை ராசாவின் தலையில் கையை வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, பாடத்தில் கேட்டதை ஞாபகம் வைத்திருந்தார். வைத்த கையை எடுக்க முடியவில்லை. ராசா அந்தக் கையை நக்கப் பார்த்தது. கன நேரத்துக்குப் பிறகு சூசை மெல்ல, "அண்ணை, கையை எடுங்கோ. நீங்கள் உள்ள போங்கோ" என்றார்.

தலையில் கை வைப்பது என்று நான் பலகையில் எழுதியது மூன்று சொல். அந்தக் காலத்துச் சனம் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நின்றிருக்கும் என்று அன்றைக்கு விளங்கியது. தான் வளர்த்தது தனக்குப் பதிலாக விழுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆண்டவர் எங்களுக்காக விழுந்தார் என்று நான் எத்தனையோ வருடம் பாட்டாகப் படிப்பித்திருக்கிறேன். அதன் விலை தெரியாமல்தான் படிப்பித்திருக்கிறேன். நீங்கள் இந்தப் பாடத்தை எவ்வளவு கலகலப்பாகவும் நடத்துங்கள். இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

மத்தியானம் எல்லாம் மாறிவிட்டது. காற்று விழுந்து வள்ளம் ஓடத் தொடங்கியிருந்தது. முதல் வள்ளத்திலேயே சுவாமி வந்து இறங்கினார். படலைக்குள் கால் வைக்க முதலே, "சட்டப்படி நெஞ்சும் வலது தொடையும் எனக்கு. ரீச்சர் அதைச் சொல்லித் தந்தவவோ இல்லையோ?" என்று கேட்டார். நன்றிப் பலியோடு புளித்த அப்பமும் புளியாத அப்பமும் வைப்பார்கள் என்று நான் சொன்னதை வைத்து, றோசம்மா அக்கா ஒரு பக்கம் பாணும் மறு பக்கம் ரொட்டியும் அடுக்கியிருந்தார். குசினியில் நான்கு பெண்கள், முற்றத்தில் மூன்று அடுப்பு.

கந்தையா அண்ணை குடும்பத்தோடு வந்து வயிறாரச் சாப்பிட்டார். வீட்டில் நின்ற மாமியாருக்குக் கொஞ்சம் கட்டித் தரச் சொன்னார்.

"கட்டிக் குடுக்க ஏலாது அண்ணை. அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

"எங்கட வேள்வியில பங்கு போட்டு வீட்டை கொண்டு போறனாங்கள். உங்கட சட்டம் இறுக்கமாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே போய், மாமியாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்படி நடக்க முடியாத நாலைந்து பேர் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வந்தார்கள்.

அப்படியும் ஒரு பானை மிஞ்சியது. முற்றத்தில் யாராலும் இனிச் சாப்பிட முடியாது. பொழுது சாயத் தொடங்கியது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சுவாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏப்பம் விட்டார்.

"இறங்குதுறையில சனம் நிக்குது" என்றார் சூசை. நாள்கணக்காய் மாட்டுப்பட்டு நின்றவர்கள் எல்லாம் பின்னேர வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். சூசை பானையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மற்றப் பக்கத்தை யார் பிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணை போய்ப் பிடித்தார். நானும் அக்காவும் பாணையும் ரொட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம்.

இறங்குதுறையில் ஒரு தாதி, இரண்டு ஆசிரியர்கள், குதிரை பார்க்க வந்து நின்றுபோன சிங்களக் குடும்பம் ஒன்று, இன்னும் பலர். என்ன விசேசம் என்று கேட்டவர்களுக்கு, "என்ர மனிசி பிழைச்சிட்டா" என்று மட்டும் சொல்லி அண்ணை பரிமாறினார். வள்ளக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் தானும் வந்து சாப்பிட்டார்.

சனம் ஏறிய பிறகு அண்ணையும் தம்பியும் பானையடியில் குந்தி இருந்தார்கள். நான் ரொட்டிப் பெட்டியை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"சூசை, மார்கழியில நான் உனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றார் அண்ணை.

"நீங்கள் சொன்னனீங்கள், எஞ்சின் சத்தத்தில எனக்குத்தான் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அண்ணை பானையைச் சரித்து, அடியில் கிடந்த கடைசித் துண்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணைத் தாழ்த்திக் கையைக் கூப்பிக்கொண்டு நடக்கச் சொல்லித்தான் எனக்குச் சின்னதில் படிப்பித்தார்கள், நானும் அப்படித்தான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். அன்றைக்கு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி ஆட்களைப் பார்த்தேன். ஒரே பலியில் சாப்பிட்ட சனம். சவிரிமுத்து அண்ணை பின்சுவரை விட்டு, சனம் இருக்கும் நீள வாங்கில் இருந்தார், பக்கத்தில் தம்பி. நன்றி சொல்லத் தனிய வர முடியாது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவள், நான் யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று யோசித்தேன்.

எனக்கும் ஒருவர் இருந்தார். பாடகர் குழுவை நடத்திய அக்கா. போன பெருநாளில் எந்தப் பாட்டு முதலில் என்று தொடங்கிய வாக்குவாதம். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் தலையாட்டுவதோடு சரி. அவர் இடது பக்கத்து வாங்கில் தனிய இருந்தார்.

பூசை முடியட்டும் என்று பொறுத்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். என்னுடைய இடத்துக்குத் திரும்பாமல் நேரே அவருடைய வாங்குக்குப் போய் நின்றேன். அவர் என்னை ஏறெடுத்துப் பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.